வீட்டைக் கட்டிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியைச் செலவுக்குப் பயந்தவர்களின் புலம்பல் என்றே நாம் பொதுவாக அர்த்தம் செய்து கொள்கிறோம். கொத்தனார் கூலி, செங்கல் விலை, மணல் வண்டிக்காரனின் சால்ஜாப்பு, மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டுமே என்ற கவலை, இவையெல்லாம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பழமொழியின் வினைச் சொல்லைச் சற்று ஊன்றிக் கவனித்தால் வேறொரு விஷயமும் புலப்படும். "வீட்டை வாங்கிப் பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. "வீட்டைத் தானமாகப் பெற்றுப் பார்" என்றும் சொல்லவில்லை. கட்டிப் பார் என்றே சொன்னார்கள். பக்கத்தில் நின்று கட்டியவனுக்குத்தான் தன் வீட்டுச் சுவரில் எங்கே கல் இருக்கிறது, எங்கே வெறும் மண் இருக்கிறது என்பது தெரியும்.

ஒரு குடும்பம் ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதே இத்தனை பெரிய காரியமானால், ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வீடுகள் விழுந்து விடும்போது என்ன செய்வது? அவற்றைத் திரும்ப யார் கட்டுவது? எதைக் கொண்டு கட்டுவது? எங்கே கட்டுவது? இந்த வாரம் நேயர்களோடு சேர்ந்து இக்கேள்விகளை ஆராயலாமென்று உத்தேசம். "இது என்ஜினீயர்களின் கவலை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பூகம்பம் என்றும் புயல் என்றும் செய்தி வந்தவுடனே பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் ஏந்தி நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். நாமும் கையிலிருந்ததைப் போடுகிறோம். அந்தப் பணம் எங்கேயோ ஒரு கிராமத்தில் சுவராகவும் கூரையாகவும் எழும்புகிறது. அந்தச் சுவரும் கூரையும் எப்படிப்பட்டவை என்று கேட்கும் பொறுப்பும் நமக்கு உண்டல்லவா?

* * *

முதலில் ஓர் உண்மையை மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். பூமி நடுங்குவதனால் மட்டும் மனிதர்கள் சாவது மிக அபூர்வம். வெட்ட வெளியில் நிற்பவனைப் பூகம்பம் தள்ளாட வைக்கும், அவ்வளவுதான். மனிதனைக் கொல்வது பெரும்பாலும் அவன் தலைக்கு மேல் இருக்கும் கூரையும் பக்கத்தில் இருக்கும் சுவரும். அதாவது, அவனைக் காப்பாற்றுவதற்கென்று கட்டிய வீடே அவனுக்கு யமனாகி விடுகிறது.

மகாராஷ்டிரத்தில் லாத்தூர், உஸ்மானாபாத் ஜில்லாக்களில் 1993-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை நடந்தது இதுதான். முதல் நாள்தான் கணபதி உற்சவம் முடிந்திருந்தது. ஜனங்கள் களைத்துப் போய்த் தூங்கிக் கொண்டிருந்தார்கள். நாலு மணி அடிப்பதற்குச் சில நிமிஷங்கள் இருக்கும்போது பூமி குலுங்கிற்று. அதன் அளவு 6.2. உலகத்துப் பெரும் பூகம்பங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரமானதுதான். ஆயினும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. கில்லாரி என்ற கிராமத்தின் பெயர் அன்றுதான் தேசமெங்கும் தெரிய வந்தது.

இத்தனை உயிர்ச் சேதம் ஏன் நேர்ந்தது? அந்தப் பிரதேசத்து வீடுகள் கருங்கல் வீடுகள். சுவர்கள் இரண்டு அடி, மூன்று அடி கனம் கொண்டவை. பார்த்தால் கோட்டைச் சுவர் போல் இருக்கும். ஆனால் உள்ளுக்குள்ளே நிலைமை வேறு. வெளிப்புறம் ஒரு வரிசைக் கல், உட்புறம் ஒரு வரிசைக் கல், நடுவிலே சல்லியும் மண்ணும். இரண்டு வரிசைகளையும் பிணைப்பதற்குக் குறுக்கே நீளமான கற்கள் பல வீடுகளில் வைக்கப்படவில்லை. மேலே வெயிலுக்காகவும் மழைக்காகவும் மரப் பலகைகளின் மீது கனமாக மண் கொட்டிய கூரை. ஒழுகும் போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கொட்டிக் கொண்டே வந்தார்கள். பூமி ஆடியதும் சுவர் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தெருவிலும் ஒரு பாதி வீட்டுக்குள்ளும் விழுந்தது. டன் கணக்கான மண் தூங்கியவர்கள்மேல் இறங்கிற்று.

"ஆகையால் பழைய வீடுகள் ஆகாது, சிமெண்டுக் கட்டடமே சரி" என்று தீர்ப்புச் சொல்ல நாக்குத் துடிக்கிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். குஜராத்தில் 2001-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினத்தன்று காலை, கட்ச் பிரதேசத்தில் 7.7 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. 13,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது சர்க்கார் கணக்கு. புஜ், அஞ்சார், பச்சாவ் முதலிய ஊர்களில் பழைய கல் வீடுகள் விழுந்தது வாஸ்தவந்தான். ஆனால் வெகு தூரத்திலுள்ள ஆமதாபாத் நகரத்தில் விழுந்தவை எவை? சிமெண்டும் இரும்பும் கொண்டு கட்டிய புதிய மாடிக் கட்டடங்கள். மோட்டார் நிறுத்துவதற்காகக் கீழ்த் தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, அவற்றின்மேல் பல மாடிகளை ஏற்றியிருந்த கட்டடங்கள் பல, தூண்கள் மடங்கி உட்கார்ந்து விட்டன. சாமானில் புதுமை இருந்து விட்டால் போதாது என்பது அன்று தெளிவாயிற்று.

அதே கட்ச் தேசத்தில் மண்ணால் கட்டிய சில வீடுகள் அசையாமல் நின்றன. "பூங்கா" என்று அவற்றுக்கு அங்கே பெயர். நம் தமிழ்ப் பூங்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! வட்டமான ஒரே அறை. கனமான மண் சுவர். மேலே கூம்பு போன்ற புற்கூரை. பன்னிப் புல்வெளியில் ஆடுமாடு மேய்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கட்டி வருகிறார்கள். 1819-ஆம் வருஷத்திலும் கட்ச் தேசத்தில் ஒரு பெரும் பூகம்பம் நேர்ந்தது. அதற்குப் பிறகே இந்த வட்ட வீடு பரவிற்று என்று சொல்கிறார்கள். சதுர வீட்டில் சுவரும் சுவரும் சேரும் மூலையில்தான் முதலில் விரிசல் காணும். வட்ட வீட்டுக்கு மூலையே கிடையாது. பானையின் வயிறு போல, எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் சுவர் முழுவதும் சேர்ந்து தாங்கிக் கொள்கிறது. கூரையோ இலேசானது, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது.

ஆகவே பழமை எல்லாம் மூடத்தனம் அல்ல. பழமை எல்லாம் ஞானமும் அல்ல. கில்லாரிச் சுவரும் பழமைதான். பன்னியின் வட்ட வீடும் பழமைதான். ஒன்று பூகம்பத்தை நினைவில் வைத்துக் கொண்டிருந்தது. மற்றொன்று மறந்து போயிருந்தது. எது நிற்கும், எது விழும், ஏன் என்று அறிவதற்கே ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

* * *

இந்த ஆராய்ச்சி மேல் நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய சரக்கு என்று எண்ண வேண்டாம். 1931-ஆம் வருஷம் பலூசிஸ்தானத்தில் மாக் என்னும் இடத்தில் ஒரு பூகம்பம் நேர்ந்தது. அப்பொழுது ரயில்வேயில் வேலை பார்த்த ஸ்ரீ எஸ். எல். குமார் என்ற இந்திய என்ஜினீயர், பூமி பக்கவாட்டில் அசையும்போது கட்டடத்தின்மேல் எவ்வளவு வேகம் தாக்கும் என்று கணக்கிட்டு, அதைத் தாங்கும்படியாகக் குவெட்டாவில் ரயில்வே சிப்பந்திகளுக்கு வீடுகள் கட்டுவித்தார். 1933-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். இந்தியாவில் பூகம்ப அபாயம் எங்கெங்கே அதிகம், எங்கெங்கே குறைவு என்று காட்டும் படம் ஒன்றும் அதில் இருந்தது. இரண்டே வருஷத்தில் பரீட்சை வந்து விட்டது. 1935-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி பொழுது விடியுமுன் இருட்டில் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. 30,000-க்குக் குறையாமல் ஜனங்கள் மாண்டார்கள். குமார் வகுத்த முறையில் கட்டிய வீடுகளோ நின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த இரவில் உதவிற்று.

குவெட்டாவின் சாம்பலிலிருந்து செங்கல் கட்டும் புதிய முறை ஒன்றும் பிறந்தது. செங்கற்களை அடுக்கும்போதே சுவருக்குள் இடைவெளிகள் விட்டு, அவற்றில் இரும்புக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்திக் கலவை நிரப்புவது அந்த முறை. "குவெட்டாக் கட்டு" என்றே அதற்குப் பெயர் வந்து விட்டது.

இம்முறைகளின் தத்துவம் மிகவும் எளியது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நாலு புத்தகங்களைக் கொண்டு விளக்குவது வழக்கம். நேயர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். நாலு கனமான புத்தகங்களை நிமிர்த்தி நிறுத்தி, நாலு சுவர் போலச் சதுரமாக வையுங்கள். மேஜையைச் சற்று ஆட்டுங்கள். நாலும் நாலு திசையில் விழும். மறுபடியும் நிறுத்தி, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு நூலால் நாலையும் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். இப்போது ஆட்டிப் பாருங்கள். முன்போல் சுலபத்தில் விழ மாட்டா. ஒரு சுவர் சாயப் பார்த்தால் மற்ற மூன்றும் அதைப் பிடித்துக் கொள்கின்றன.

வீட்டிலும் அதே காரியந்தான். அஸ்திவாரத்துக்கு மேலே ஒன்று, கதவு ஜன்னல்களின் தலைமட்டத்தில் ஒன்று, கூரை உட்காரும் இடத்தில் ஒன்று என்று வீட்டைச் சுற்றிலும் இடைவிடாத பட்டிகள் போட வேண்டும். கம்பியும் கான்கிரீட்டும் கிடைத்தால் அதில் போடலாம். இல்லாவிட்டால் மரச் சட்டத்தாலும் போடலாம். மூலைகளில் கம்பி அல்லது கட்டை வைத்துப் பிணைக்க வேண்டும். கல் சுவரானால் இரண்டு முகங்களையும் கோக்கும் நீளக் கற்களைக் குறுக்கே வைக்க வேண்டும். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். ரூர்க்கியில் பேராசிரியர் ஆனந்த் ஸ்வரூப் ஆர்யாவும் அவரைச் சேர்ந்தவர்களும் பல்லாண்டுகள் பாடுபட்டு இம்முறைகளை ஏழை வீட்டுக்கும் பொருந்தும்படி வகுத்தார்கள். 1962-இலேயே பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கு இந்தியாவில் தர விதி ஏற்பட்டு விட்டது. மண் வீடுகளுக்கும் கல் வீடுகளுக்கும் தனித் தனி விதிகள் 1993-இல் வெளிவந்தன. ஆம், லாத்தூர் விழுந்த அதே 1993!

சாஸ்திரம் ரூர்க்கியில் இருந்தது. கரணை கில்லாரிக் கொத்தனாரிடம் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை. நம்முடைய துன்பத்தின் பெரும் பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

* * *

லாத்தூரில் பூகம்பத்துக்குப் பிறகு, உலக பாங்கியின் கடனுதவியோடு மகாராஷ்டிர சர்க்கார் இரண்டு விதமாகக் காரியம் செய்தார்கள். மிகவும் அழிந்து போன 52 கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கண்டிராக்டர்களும் தரும ஸ்தாபனங்களும் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சதுரங்கப் பலகை போல நேர் தெருக்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் குடியானவனுக்கு வீடு என்றால் தூங்கும் அறை மட்டுந்தானா? மாடு கட்டும் இடம் எங்கே? தானியம் கொட்டி வைக்கும் இடம் எங்கே? உற்றார் உறவினர் வாசலோடு வாசலாக வாழ்ந்த பழைய முற்றம் எங்கே? பட்டணத்துக் காலனியைக் கொண்டு வந்து வயற்காட்டில் வைத்தது போலாயிற்று என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

சேதம் குறைந்த கிராமங்களில் வேறு வழியைக் கைக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கையிலேயே பணத்தைத் தவணையாகக் கொடுத்து, என்ஜினீயர்களை யோசனை சொல்ல அனுப்பி, உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் புது முறைகளைக் கற்பித்து, இருந்த இடத்திலேயே வீடுகளைப் பழுது பார்க்கவும் பலப்படுத்தவும் செய்தார்கள். இப்படி லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் திருத்தப் பெற்றன. பத்திரிகைகளில் படம் வெளியிடத்தக்க காட்சி இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குள் ஒரு கல்வி நிலைத்தது. அடுத்த சுவரைக் கட்டும்போது குறுக்குக் கல் வைக்க வேண்டுமென்று அந்தக் கொத்தனாருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எட்டு வருஷத்துக்குப் பின் கட்ச் தேசத்தில் இந்த இரண்டாவது வழியே பிரதான வழியாயிற்று. குஜராத் சர்க்கார் புதிதாக ஏற்படுத்திய பேரிடர் நிர்வாக ஸ்தாபனத்தின் மேற்பார்வையில் சுமார் 2 லட்சம் வீடுகள் திரும்பக் கட்டப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டுக்காரர்களே முன்னின்று கட்டியவை. பணம் மொத்தமாகக் கொடுக்கப்படவில்லை. முதல் தவணையில் ஆரம்பித்த வேலையை என்ஜினீயர் வந்து பார்த்து, பட்டியும் கம்பியும் சரியாக இருக்கின்றன என்று ஒப்புக் கொண்ட பிறகே அடுத்த தவணை. பணம், மனைப் படம், கொத்தனார், சாமான் எல்லாவற்றிலும் குடும்பத்தின் இஷ்டம். பலம் ஒன்றில் மட்டும் சாஸ்திரத்தின் கண்டிப்பு.

அந்தக் காலத்தில் புஜ் நகரத்தில் தோன்றியது "ஹுன்னர்சாலா" என்ற ஸ்தாபனம். ஹுன்னர் என்றால் கைத்திறமை. சாலை என்றால் பள்ளி. கொத்தனாரும் தச்சரும் மண் வேலைக்காரரும் அங்கே ஆசிரியர்கள். கட்டடக் கலைப் பட்டதாரிகள் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் கல், மண்ணை அச்சுக்குள் இடித்துக் கெட்டிப்படுத்தி எழுப்பும் சுவர் முதலியவற்றைப் பரீட்சித்து, பன்னியின் வட்ட வீட்டையும் புது பலத்தோடு கட்டிக் காட்டினார்கள். 2008-ஆம் வருஷம் கோசி நதி கரை உடைத்துக் கொண்டு பீஹாரைப் பாழாக்கியபோது, இந்தப் பள்ளியின் அனுபவம் அங்கே மூங்கில் வீடுகளாக உருவெடுத்தது. கட்ச் தேசத்து மண் வீட்டைப் பீஹாருக்கு அவர்கள் கொண்டு போகவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளூரில் என்ன இருக்கிறது என்று தேடும் புத்தியைத்தான் கொண்டு போனார்கள்.

சர்க்கார் விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. 2005-ஆம் வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி காஷ்மீரத்தில் பெரிய பூகம்பம் வந்தது. அங்கே "தஜ்ஜி தேவாரி" என்று ஒரு பழைய கட்டு முறை இருக்கிறது. மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, இடையே சிறு கற்களையும் மண்ணையும் நிரப்புவார்கள். ஒட்டுப் போட்ட போர்வை போலத் தோன்றும் அந்தச் சுவர் ஆடியது, கிறீச்சிட்டது, ஆனால் பல இடங்களில் விழவில்லை. பாகிஸ்தான் சர்க்கார் ஆரம்பத்தில் அங்கீகரித்த மாதிரிகளில் இந்த முறை இடம் பெறவில்லை. சிமெண்டுக் கட்டுக்குத்தான் உதவிப் பணம். மலை உச்சிக்குச் சிமெண்டு மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிப் போவது சுலபமா? ஜனங்கள் இடிபாடுகளிலிருந்தே மரத்தையும் கல்லையும் பொறுக்கித் தஜ்ஜி வீடு கட்டத் தொடங்கினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்து நற்சாட்சி கொடுத்த பின் சர்க்காரும் அதை ஒப்புக் கொண்டது. பிறகு பல்லாயிரக்கணக்கான வீடுகள் அம்முறையில் எழுந்தன.

* * *

நம் கடற்கரைக்கு வருவோம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதியை நாம் மறக்க முடியாது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டு போயிற்று. உலகெங்குமிருந்து பணம் வந்து குவிந்தது. கையில் பணம் அதிகம் இருந்தது. காலம் குறைவாக இருந்தது. கண்டிராக்டர்கள் வந்தார்கள். ஒரே அளவில், ஒரே அச்சில், தட்டையான கான்கிரீட்டுக் கூரையோடு ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின.

இந்த மறு நிர்மாணத்தைப் பற்றி ஆராய்ந்த ஜெனிபர் டுய்ன் பாரென்ஸ்டைன் என்ற ஐரோப்பிய அறிஞர் வேதனை தரும் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். சில கிராமங்களில், அலை தொடாத வீடுகளையும் இடித்து விட்டார்கள். மனையைச் சமமாக்குவதற்காக மரங்களையும் வெட்டி விட்டார்கள் என்பதே அது. கடற்கரையில் மரத்தின் நிழல் என்பது ஓர் அறைக்குச் சமானம். வலை பின்னுவது அங்கே. பெண்கள் கூடிப் பேசுவது அங்கே. குழந்தை தூங்கும் தூளி அங்கே. திண்ணையும் அப்படித்தான். மரம் போய், திண்ணை போய், சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக் கூரையின் கீழ் வேகும் வீட்டைக் கொடுத்து விட்டு, "உறுதியான வீடு கொடுத்தோம்" என்று பலகை நாட்டினால் போதுமா? கொடுத்தவர்களின் இரக்கம் உண்மையானது. ஆனால் அந்த இரக்கம் வாங்குகிறவரைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும்?" என்று கேட்க மறந்து விட்டது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமும், பென்னி குரியாகோஸ் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து செய்த வேலையில், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசி, அவரவர் மனைக்கும் தேவைக்கும் தக்கபடி வீட்டின் அமைப்பை மாற்றினார்கள். அதற்கு நேரம் பிடித்தது. அந்த நேரம் வீண் போகவில்லை.

* * *

"சரி, செலவு விஷயம் என்ன? ஏழை நாட்டில் இத்தனை நயம் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். நயமும் சிக்கனமும் பகையாளிகள் அல்லவென்று காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இரண்டாவது உலக யுத்த காலத்தில் பம்பாயில் மகாத்மாவைச் சந்தித்து, பின்னர் இந்தியாவையே தாயகமாகக் கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஒரு கிராமத்து வீடு அந்த ஊரைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே கட்டப்பட வேண்டுமென்று காந்தியடிகள் 1937-இல் "ஹரிஜன்" பத்திரிகையில் எழுதியிருந்தார். பேக்கர் தம் வாழ்நாள் முழுவதும் அந்த ஐந்து மைலை மனத்தில் வைத்தே வேலை செய்தார்.

செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அவர் பரப்பிய முறைகளில் ஒன்று. எலிப்பொறி போன்ற இடைவெளி இருப்பதால் "எலிப்பொறிக் கட்டு" என்று பெயர். நூற்றுக்கு 25 அளவு செங்கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். பூகம்ப பிரதேசமானால் அந்த வெற்றிடத்திலேயே கம்பி நிறுத்தலாம். கான்கிரீட்டுக் கூரையின் அடிப் பாகத்தில், பாரம் தாங்குவதற்குத் தேவையில்லாத இடத்தில், பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்புவது மற்றொன்று. இதனால் சிமெண்டும் கம்பியும் குறையும். கூரையின் கனமும் குறையும். அவசியமில்லாததை நீக்குவதே அவருடைய சிக்கனம். பலத்தில் அவர் கை வைக்கவில்லை.

"எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் போட்டு விட்டால், கணவனை இழந்தவளும் கிழவரும் என்ன செய்வார்கள்?" என்று ஓர் ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபந்தான். சொந்த மனை இல்லாதவனுக்கும், வாடகைக்குக் குடியிருந்தவனுக்கும் இந்த வழி தானாக உதவாது. அவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். சிமெண்டு, கம்பி, ஓடு ஆகியவற்றின் விலை ஆபத்துக் காலத்தில் ஏறாமல் சர்க்கார் காக்க வேண்டும். என்ஜினீயர் நேரில் வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் கையில் அதிகாரத்தைக் கொடுப்பது வேறு. அவரைக் கைவிட்டு விடுவது வேறு.

அடுத்த முறை உண்டியல் வாசலுக்கு வரும்போது, நேயர்கள் காசைப் போடுவதோடு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டுமென்று விரும்புகிறேன். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களைக் கலந்து பேசினீர்களா? அவ்வூர்க் கொத்தனார்களுக்கு ஏதாவது கற்றுக் கொடுக்கிறீர்களா? நிற்கிற வீட்டையும் மரத்தையும் விட்டு வைப்பீர்களா? இவற்றுக்கு நேரான பதில் சொல்கிறவர்களிடம் தாராளமாகக் கொடுங்கள்.

நாமே வீடு கட்டும்போதும் ஒரு காரியம் செய்யலாம். கதவு ஜன்னல் தலைமட்டம் வந்தவுடன், பட்டி வீட்டைச் சுற்றி முழுவதும் ஓடுகிறதா, அல்லது ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக நிற்கிறதா என்று கொத்தனாரைக் கேட்டுப் பார்க்கலாம். நம் ஊருக்குப் பூகம்ப அபாயம் குறைவாக இருக்கலாம். ஆனால் இன்று நம் வீட்டுச் சுவரை எழுப்புகிற கொத்தனார் நாளைக்கு எந்த ஊரில் எவருடைய வீட்டைக் கட்டப் போகிறாரோ, யார் கண்டது?